கட்டியை அளந்த மரக்கால் எது?

புற்றுநோய்க் கட்டியை ஒருமுறை அளப்பதால் பெரிய பயன் இல்லை. சிகிச்சை தொடங்குமுன் ஓர் அளவு, சில சுற்று மருந்து ஏறியபின் இன்னோர் அளவு என்று இரண்டு வேண்டும். அவற்றுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைப் பார்த்துத்தான் அதே மருந்தைத் தொடர்வதா, மாற்றுவதா, நிறுத்திவிடுவதா என்று மருத்துவர் முடிவு செய்கிறார். முதல் அளவு ஒரு ஸ்கேன் இயந்திரத்திலும் இரண்டாம் அளவு வேறொன்றிலும் எடுக்கப்பட்டிருந்தால், அந்த வித்தியாசத்தில் நோயின் பங்கு எவ்வளவு, இயந்திரத்தின் பங்கு எவ்வளவு என்ற கேள்வி வந்துவிடுகிறது. பெட்-சிடி, பெட்-எம்ஆர் போன்ற கலப்பு ஸ்கேன்களில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. அவை கட்டியின் நீளத்தோடு, கட்டி எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறது என்பதையும் எண்ணாகத் தருகின்றன.

காவிரி டெல்டாவில் இது ஏட்டுக் கேள்வி இல்லை. கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை, திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்து நோயாளிகள் முதலில் 1959-இல் தொடங்கிய தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கோ, திருச்சியில் உள்ள ஒரு மருத்துவமனைக்கோ போகிறார்கள். அங்கிருந்து சிலர் சென்னை அடையாறில் 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நிறுவிய புற்றுநோய் மருத்துவமனைக்கும், சிலர் வேலூர் சி.எம்.சி.க்கும், சிலர் புதுச்சேரி ஜிப்மருக்கும் செல்கிறார்கள். உறவினர் வீடு எங்கே இருக்கிறது, எங்கே இடம் சீக்கிரம் கிடைக்கிறது, காப்பீட்டுத் திட்டத்தில் எது சேரும், எந்த ஊருக்கு ராத்திரி ரயில் இருக்கிறது என்பவையெல்லாம் சேர்ந்து இந்த வழியைத் தீர்மானிக்கின்றன. இப்படிப் போகும் ஒருவர் ஒரே ஆண்டில் இரண்டு மூன்று வெவ்வேறு ஸ்கேன் இயந்திரங்களில் படுத்து எழுவது இயல்பு. கையில் இருக்கும் மஞ்சள் பையில் மூன்று ரிப்போர்ட்டுகள் இருக்கும். மூன்றிலும் ஓர் எண் இருக்கும்.

அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். பெட் ஸ்கேனுக்கு முன் நோயாளிக்கு எஃப்.டி.ஜி. என்னும் மருந்து ஊசி வழியாகச் செலுத்தப்படுகிறது. இது குளுக்கோஸ் போலவே உருவம் கொண்டது. அதில் ஃப்ளோரின்-18 என்னும் கதிரியக்க அணு ஒட்டவைக்கப்பட்டிருக்கும். பெரும்பாலான புற்றுநோய் உயிரணுக்களுக்குச் சர்க்கரைப் பசி அதிகம். அவை இந்தப் போலிச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். ஆனால் முழுமையாகச் செரிக்க முடியாமல் உள்ளேயே தேக்கிவைக்கும். அங்கிருந்து எதிரெதிர்த் திசையில் கிளம்பும் இரட்டைக் கதிர்களை வளையம்போல் சுற்றியுள்ள உணரிகள் பிடித்து, எந்த இடத்தில் எவ்வளவு மருந்து தேங்கியிருக்கிறது என்று படமாக்குகின்றன. பெட் படம் மட்டும் இருந்தால் ஒளிர்வது எந்த உறுப்பு என்பது தெளியாது. அதனால் அதே படுக்கையில் ஒரு சிடி ஸ்கேனையோ எம்ஆர் ஸ்கேனையோ இணைத்தார்கள். டேவிட் டவுன்செண்டும் ரொனால்ட் நட்டும் உருவாக்கிய முதல் பெட்-சிடி 1998-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் நோயாளிகளைப் படமெடுத்தது. இந்தியாவில் பெட் ஸ்கேன் 2002-இல் மும்பையின் கதிர்வீச்சு மருத்துவ மையத்தில் தொடங்கியது. 2004-இல் டாடா நினைவு மருத்துவமனைக்கு பெட்-சிடி வந்தது. பெட்டும் எம்ஆரும் ஒரே நேரத்தில் இயங்கும் உடல் முழுமைக்குமான இயந்திரம் 2011-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. விலையும் பராமரிப்பும் மிக அதிகம் என்பதால் இந்தியாவில் அது இன்னும் பெருநகரங்களில் மட்டும் அரிதாகக் கிடைக்கிறது.

ரிப்போர்ட்டில் எஸ்.யு.வி. என்று போட்டிருக்கும் எண்ணின் கணக்கு எளிது. ஊசி போட்ட மருந்து முழுவதும் உடம்பெங்கும் ஒரே சீராகப் பரவியிருந்தால் ஒவ்வோர் இடத்திலும் அந்த எண் 1 ஆக இருக்கும். ஓரிடத்தில் 8 என்றால் சராசரியைவிட எட்டு மடங்கு மருந்து அங்கே சேர்ந்திருக்கிறது. இதைக் கணக்கிட மூன்று வேண்டும்: கட்டியில் உள்ள கதிரியக்கம், செலுத்திய மருந்தின் அளவு, நோயாளியின் எடை. மூன்றில் எது பிசகினாலும் எண் பிசகும். 60 கிலோ உள்ளவரை 66 கிலோ என்று எழுதிவிட்டால் 8 என்பது 8.8 ஆகிவிடும், நோய் ஓர் இம்மியும் நகர்ந்திருக்காது.

கட்டியின் நீளத்தை அளக்கும் முறை தனி. ஒரு படத்தில் கட்டியின் மிக நீண்ட விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, தேர்ந்த கட்டிகளின் அளவுகளைக் கூட்டுகிறார்கள். ரெசிஸ்ட் என்று வழங்கும் இந்த விதிமுறை 2000-இல் வந்து 2009-இல் திருத்தப்பட்டது. கூட்டுத்தொகை 30 சதவீதம் குறைந்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். இதுவரை எட்டிய மிகச் சிறிய அளவிலிருந்து 20 சதவீதமும் குறைந்தது 5 மில்லிமீட்டரும் கூடினால் நோய் முன்னேறுகிறது. பெட் எண்ணுக்கு 2009-இல் வகுக்கப்பட்ட பெர்சிஸ்ட் விதிமுறையிலும் 30 சதவீதம்தான் எல்லைக்கோடு. சில நோய்களில் கட்டி சுருங்குவதற்கு வாரக்கணக்கில் முன்பே அதன் சர்க்கரைப் பசி அடங்கிவிடும். கலப்பு ஸ்கேன் இவ்வளவு மதிக்கப்படுவதற்கு அது ஒரு காரணம்.

இயந்திரத்தைப் பற்றிப் பேசுமுன் நோயாளியின் காலைப் பொழுதைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான பிழைகள் அங்கேயே தொடங்குகின்றன. ஸ்கேனுக்கு முன் குறைந்தது நான்கு மணி நேரம், பெரும்பாலும் ஆறு மணி நேரம், தண்ணீர் தவிர எதுவும் சாப்பிடக் கூடாது. விடியற்காலைப் பேருந்தில் கிளம்பி, பேருந்து நிலையத்தில் சர்க்கரை போட்ட ஒரு காபி குடித்தாலே கணக்கு மாறும். ரத்தத்தில் உண்மையான குளுக்கோஸ் கூடினால் அது போலிச் சர்க்கரையோடு போட்டியிடும். கட்டிக்குள் மருந்து குறைவாகவே போகும். ரத்தச் சர்க்கரை 200 மில்லிகிராமைத் தாண்டினால் ஸ்கேனைத் தள்ளிவைப்பது வழக்கம். சர்க்கரையைக் குறைக்க அவசரமாக இன்சுலின் போட்டாலும் ஆபத்துதான், மருந்து தசைகளுக்குள் ஓடிவிடும். ஊசி போட்டபின் அறையில் உலாத்துவதும், வெற்றிலைப் பாக்கு மெல்லுவதும், ஓயாமல் பேசுவதும் கூட அந்தந்தத் தசைகளை ஒளிரச் செய்யும். சர்க்கரை நோய் பரவலாக உள்ள ஒரு மாநிலத்தில் இந்தக் கட்டுப்பாடுகளை நோயாளிக்கு அவர் பேசும் தமிழில் பொறுமையாகச் சொல்லிவைப்பதற்கு, விலையுயர்ந்த உணரிகளுக்கு ஈடான மதிப்பு உண்டு.

அடுத்தது நேரம். ஃப்ளோரின்-18 ஏறத்தாழ 110 நிமிடங்களில் பாதியாகக் குறைந்துவிடும். அதை உருவாக்கும் சைக்ளோட்ரான் உள்ள நகரத்திலிருந்து ஈயப் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரம் சாலையில் கொண்டுவந்தால், கிளம்பியதில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். வண்டி தாமதமானால் வரிசையில் கடைசியில் இருப்பவருக்குக் குறைவான மருந்தோடு ஸ்கேன் எடுக்க நேரலாம். படம் புள்ளி புள்ளியாக வரும். மருந்தை அளக்கும் அறையின் கடிகாரமும் ஸ்கேன் இயந்திரத்தின் கடிகாரமும் பத்து நிமிடம் வேறுபட்டால் எஸ்.யு.வி. சுமார் 6 சதவீதம் தப்பாகும். ஊசி போட்டபின் எவ்வளவு நேரம் கழித்துப் படமெடுக்கிறார்கள் என்பது இதைவிட முக்கியம். கட்டி தொடர்ந்து மருந்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ரத்தமும் கல்லீரலும் மெல்ல வெளுத்துக்கொண்டே வரும். ஒரு மணி நேரத்தில் எடுத்த படத்தையும் இரண்டு மணி நேரத்தில் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்து, கட்டி வளர்ந்துவிட்டது என்று சொல்வது அநியாயம்.

இனி இயந்திரம். தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் ஒரு பழக்கத்தை விடாமல் கடைப்பிடிக்கின்றன. நெல் இவ்வளவு என்று மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை. அது ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலால் அளந்தது, அந்த மரக்கால் ‘இராசகேசரி’ மரக்காலுக்குச் சமமானது என்று சேர்த்தே பொறிக்கிறார்கள். பொன்னை நிறுத்த கல்லுக்கு ஒரு பெயர். நகைகளை நிறுத்த கல்லுக்கு ‘தட்சிணமேருவிடங்கன்’ என்று வேறு பெயர். எந்தக் கருவியால் அளந்தது என்பதும் அளவின் ஒரு பகுதி என்று அந்தக் கணக்கர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்றைய ஸ்கேன் ரிப்போர்ட்டுகளில் எண் இருக்கிறது. எந்த இயந்திரம், என்ன அமைப்பு என்பது பல வேளைகளில் இருப்பதில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முன் நெல்லுக்குக் காட்டிய கவனம் கட்டிக்கும் வேண்டும்.

இரண்டு பெட்-சிடி இயந்திரங்களே ஏன் வேறுபடுகின்றன? பெட் கூர்மையாகப் பார்க்கும் கருவி இல்லை. நான்கு முதல் ஆறு மில்லிமீட்டருக்கு உட்பட்டதை அது மங்கலாகவே காணும். சிறு கட்டியின் ஒளி சுற்றிலும் வழிந்து பரவுவதால் உள்ளதைவிடக் குறைவான எண் கிடைக்கும். கூர்மை கூடிய புதிய இயந்திரத்தில் அதே ஒளி அடங்கி நிற்கும், எண் ஏறும். மூன்று சென்டிமீட்டர் கட்டியில் இந்த வேறுபாடு சிறியது. ஒரு சென்டிமீட்டர் நெறிக்கட்டில் அது மிகப் பெரிதாகலாம். இதோடு கணினி படத்தைக் கட்டமைக்கும் முறையும் சேர்கிறது. மங்கலைத் திருத்தும் மென்பொருளை ஓட்டினால், அதே நோயாளி, அதே நாள், அதே இயந்திரம் என்றாலும் எண் உயரும். எஸ்.யு.வி. மேக்ஸ் என்பது படத்திலேயே மிக அதிகமாக ஒளிரும் ஒற்றைப் புள்ளியின் அளவு. படத்தில் இரைச்சல் கூடினால் அந்தப் புள்ளியும் தற்செயலாக எகிறும். அதனால் ஒரு கன சென்டிமீட்டர் உருண்டைக்குள் உள்ள சராசரியை எடுக்கும் ‘பீக்’ அளவையே பெர்சிஸ்ட் ஏற்றுக்கொண்டது. கீமோவில் உடம்பு இளைத்தவர்களுக்காகக் கொழுப்பைக் கழித்துவிட்டு எடையைக் கணக்கிடவும் அது சொல்கிறது, கொழுப்பு இந்த மருந்தை ஏறக்குறையத் தொடுவதே இல்லை என்பதால்.

பெட்-சிடியையும் பெட்-எம்ஆரையும் ஒப்பிடும்போது இன்னொரு சிக்கல், அதுவே ஆழமானது. கட்டியிலிருந்து கிளம்பும் கதிர்களில் பல வெளியே வருமுன் உடம்புக்குள்ளேயே உறிஞ்சப்பட்டுவிடும். எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்று கணக்கிட்டு ஈடுசெய்தால்தான் உண்மையான எண் கிடைக்கும். சிடி ஸ்கேன் எக்ஸ்-கதிரால் இயங்குவது; எந்தத் திசு எவ்வளவு கதிரை விழுங்கும் என்பதை அதுவே நேராகக் காட்டிவிடும். எம்ஆர் காந்தத்தால் இயங்குவது. அது நீரையும் கொழுப்பையும் அழகாகப் பிரித்துக் காட்டும். கதிர் விழுங்கும் தன்மை பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. எனவே தொடக்க கால பெட்-எம்ஆர் இயந்திரங்கள் உடம்பைக் காற்று, நுரையீரல், கொழுப்பு, மென்திசு என்று நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பைக் கொடுத்தன. எலும்புக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. எம்ஆர் படத்தில் கெட்டி எலும்பு கறுப்பாகத்தான் தெரியும். இயந்திரம் அதை மென்திசு என்று எண்ணிக்கொள்ளும். விளைவாக முதுகெலும்பிலோ இடுப்பெலும்பிலோ உள்ள கட்டியின் எண், சிடி வழித் திருத்தத்தோடு ஒப்பிட்டால், ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்து வரும். பின்னால் வந்த மென்பொருள்கள் எலும்பையும் சேர்த்துக்கொள்ள முயல்கின்றன. ஆனால் எந்த ஆண்டின் மென்பொருள் ஓடியது என்பது ரிப்போர்ட்டைப் பார்த்தால் தெரியாது.

உலோகம் இருந்தால் பிழை எதிரெதிராகப் போகும். பல் அடைப்போ செயற்கை இடுப்பு மூட்டோ உள்ள இடத்தில் சிடி மிகையாக ஈடுசெய்து எண்ணை ஏற்றிவிடும். எம்ஆரில் அந்த இடம் வெற்றிடம்போல் கறுத்துப்போவதால் எண் இறங்கிவிடும். வாய்ப் புற்றுநோய் மிகுந்த நம் நாட்டில் பல் உலோகத்துக்கு அருகே உள்ள ஒரு கட்டியை இரண்டு இயந்திரங்களில் பார்த்தால் இவ்விரு பிழைகளும் சேர்ந்து வித்தியாசத்தைப் பெரிதாக்கும். விட்ட அளவிலும் இயந்திரங்கள் ஒத்துப்போவதில்லை. நுரையீரலின் சிறு முடிச்சுகளைச் சிடி தெளிவாகக் காட்டும், எம்ஆர் தவறவிடக்கூடும். கருப்பை வாயிலும் கல்லீரலிலும் கட்டியின் விளிம்பு எம்ஆரில்தான் கூர்மையாகத் தெரியும். ஒரே கட்டிக்கு இரண்டு விளிம்புகள் வரைந்தால் இரண்டு விட்டங்கள் கிடைப்பதில் வியப்பில்லை.

இவ்விரு வகை இயந்திரங்களையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட தொடக்க ஆய்வுகளில் ஒன்று 2012-இல் ஜெர்மனியின் மியூனிக்கிலிருந்து வெளிவந்தது. 32 நோயாளிகளுக்கு ஒரே ஊசி போட்டு முதலில் பெட்-சிடியிலும் பிறகு பெட்-எம்ஆரிலும் படமெடுத்தார்கள். ஊசிக்குப்பின் முதல் படம் சுமார் ஒன்றரை மணி நேரத்தில், இரண்டாவது இரண்டு மணி நேரத்துக்கும் மேல். இரண்டு எண்களும் நெருக்கமான தொடர்பு கொண்டிருந்தன என்பது முடிவு. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் ‘தொடர்பு’ என்ற சொல்லைக் கவனமாகப் படிக்க வேண்டும். களத்தில் ஒருவரிடம் சரியான மரக்கால் இருக்கிறது, இன்னொருவரிடம் பத்தில் ஒரு பங்கு சிறியது இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு குவியல்களை இருவரும் அளந்தால் ஒருவர் எண் ஏறும்போது மற்றவர் எண்ணும் ஏறும். புள்ளியியல்படி தொடர்பு முழுமையாக இருக்கும். ஆயினும் ஒவ்வொரு குவியலிலும் ஒருவர் கணக்கு மற்றவர் கணக்கோடு ஒத்துப்போகாது. தொடர்பு வேறு, உடன்பாடு வேறு.

இந்த வேறுபாட்டை மருத்துவ உலகுக்கு உறைக்கும்படி எடுத்துச் சொன்னவர்கள் பிரிட்டிஷ் புள்ளியியலாளர்களான மார்ட்டின் பிளாண்டும் டக்ளஸ் ஆல்ட்மனும். 1986-இல் லான்செட் இதழில் அவர்கள் வைத்த வழி எளியது. ஒவ்வொரு கட்டிக்கும் இரு கருவிகள் தரும் அளவுகளின் வித்தியாசத்தை எடுத்து, அவற்றின் சராசரிக்கு எதிராக வரைபடத்தில் குறிக்க வேண்டும். வித்தியாசங்கள் எல்லாம் பூஜ்யத்துக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் ஒரு கருவி எப்போதும் கூட்டியோ குறைத்தோ அளக்கிறது, அதைத் திருத்திவிடலாம். மேலும் கீழுமாகச் சிதறிக் கிடந்தால் திருத்த வழியில்லை. எவ்வளவு அகலத்தில் சிதறியிருக்கிறதோ அந்த அகலத்துக்குள் வரும் மாற்றம் எதையும் நோயின் மாற்றமாக எடுத்துக்கொள்ள முடியாது.

எல்லைக்கோட்டுக்கு அருகில் சிறு பிழையும் பெரிய விளைவைத் தரும். நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற விதியின் முன் மூட்டையோடு நின்ற எந்த விவசாயிக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு கருவி 16.8 என்றும் இன்னொன்று 17.4 என்றும் காட்டினால் நெல் அதேதான், முடிவு வேறு. ஒரே இயந்திரத்தில், மிகக் கவனமாக, சில நாள் இடைவெளியில் மறுபடி அளந்தாலே கட்டியின் எஸ்.யு.வி. பத்துப் பன்னிரண்டு சதவீதம் அளவுக்கு ஆடும் என்று தெரிந்திருக்கிறது. 30 சதவீதம் என்ற கோடு அந்த ஆட்டத்தைத் தாண்டி இருக்கட்டும் என்றுதான் போடப்பட்டது. இயந்திரம் மாறினால் அந்தப் பாதுகாப்பு கரைந்துவிடும்.

லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றில் மருத்துவர்கள் வேறு வழியில் போனார்கள். 2009-இல் பிரான்சின் டோவில் நகரில் கூடிய வல்லுநர்கள் எண்ணை நம்பாமல், கட்டியின் ஒளியை அதே படத்தில் உள்ள மார்பின் ரத்த ஒளியோடும் கல்லீரலின் ஒளியோடும் ஒப்பிட்டு ஐந்து படிகளாகப் பிரித்தார்கள். கல்லீரலைவிட மங்கலாகவோ அதற்குச் சமமாகவோ இருந்தால் நல்ல பலன். கல்லீரலைத் தாண்டினால் கவலை. எடையோ கடிகாரமோ தப்பானால் கட்டியும் கல்லீரலும் ஒரே விகிதத்தில் மாறும், எனவே அந்தப் பிழை அடிபட்டுப் போகும். அழகான யோசனை. ஆனால் கூர்மை கூட்டும் மென்பொருளிடம் இது தோற்கும். கல்லீரல் பெரியது, சீரானது. கூர்மை கூடினால் அதன் எண் அசையாது. சிறு நெறிக்கட்டின் எண் மட்டும் ஏறும். பழைய இயந்திரத்தில் மூன்றாம் படியில் இருந்தவர் புதிய இயந்திரத்தில் நான்காம் படிக்குத் தள்ளப்படலாம். அதனால் தேவையில்லாத கடுமையான மருந்தும் ஏறலாம்.

இயந்திரங்களை ஒரே அளவுக்குக் கொண்டுவர வழி இருக்கிறது. உடம்பின் வடிவில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி. அதற்குள் 10, 13, 17, 22, 28, 37 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஆறு கண்ணாடி உருண்டைகள். தொட்டியிலும் உருண்டைகளிலும் தெரிந்த அளவு கதிரியக்க மருந்தை நிரப்பிப் படமெடுத்தால், இயந்திரம் ஒவ்வோர் உருண்டையிலும் உண்மையில் எத்தனை பங்கைக் காண்கிறது என்பது வெளிப்பட்டுவிடும். ஐரோப்பிய அணு மருத்துவச் சங்கத்தின் ‘ஏர்ல்’ திட்டம் 2010 முதல் இதைக் கொண்டு மருத்துவமனைகளுக்குச் சான்று வழங்கிவருகிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு. எந்த இயந்திரத்தையும் அதன் உச்சக் கூர்மைக்குக் கொண்டுபோகச் சொல்வதில்லை. எல்லா இயந்திரங்களாலும் எட்ட முடிந்த ஒரு பொது வரம்புக்குள் நிற்கச் சொல்கிறார்கள். அதிகக் கூர்மையுள்ள இயந்திரம் வைத்திருப்பவர் ஒரே தரவிலிருந்து இரண்டு படங்களைக் கட்டமைக்கலாம்: கண்ணால் தேடுவதற்குக் கூர்மையான படம், அளந்து ஒப்பிடுவதற்குச் சற்று மங்கலாக்கிய படம். கூடுதலாக ஒரு துளி மருந்தும் தேவையில்லை. கணினிக்குச் சில நிமிட வேலை மட்டுமே.

சிகிச்சையின் நடுவில் இயந்திரம் மாறத்தான் வேண்டும் என்றால் படிக்கும் மருத்துவர் முதலில் கல்லீரலைப் பார்ப்பார். வலப்பக்கக் கல்லீரலில் மூன்று சென்டிமீட்டர் உருண்டை ஒன்றை வைத்து, முந்தைய ஸ்கேனில் அதன் சராசரி என்ன, இப்போது என்ன என்று ஒப்பிடுவார். 20 சதவீதத்துக்குமேல் வேறுபட்டால் கட்டியின் எண்களை ஒப்பிட வேண்டாம் என்பது பெர்சிஸ்ட் விதி. ஊசிக்கும் படத்துக்கும் இடையேயான நேரம் இரண்டு ஸ்கேன்களிலும் 15 நிமிடத்துக்குமேல் வேறுபடக் கூடாது என்பதும் அதே விதி. இரண்டும் பொருந்தினாலும் சிறு கட்டிகளின் எண்ணை எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். சிகிச்சையை மாற்றும் அளவுக்கு ஐயம் எழுந்தால், புதிய இயந்திரத்தின் படத்தை முதல் அளவாக வைத்துக்கொண்டு அதே இயந்திரத்தில் அடுத்த ஸ்கேனை எடுப்பதும், ஊசி வைத்துத் திசுவை எடுத்துப் பரிசோதிப்பதும் வழக்கம்.

இதற்கெல்லாம் அச்சிட்ட ரிப்போர்ட்டும் ஃபிலிமும் போதாது. ஸ்கேன் மையம் தரும் கணினி வட்டில் படங்களோடு இயந்திரத்தின் பெயர், ஊசி போட்ட மணி, செலுத்திய அளவு, பதிவான எடை, படத்தைக் கட்டமைத்த முறை எல்லாம் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும். தஞ்சாவூரிலிருந்து வேலூருக்கோ அடையாறுக்கோ போகிறவர் பழைய வட்டுகளை எல்லாம் எடுத்துப்போனால், அங்குள்ள அணு மருத்துவர் இரண்டு ஸ்கேன்களையும் ஒரே திரையில் திறந்து, ஒரே முறையில் தாமே மறுபடி அளந்துவிட முடியும்.